வேலுக்கு ஒரு நாவோஸ்

ஜனவரி 15, செவ்வாய்

கடையின் பின்பக்கத்தில் காஸ் அடுப்பு வைத்துப் பொங்கினேன். ஏதென்ஸில் இன்று சாதாரண வேலைநாள். சூரியனைக் காணவே இல்லை, விடிந்ததிலிருந்து மழை. பால் பொங்கி வரும் நேரம் பார்த்து ஒரு பெண் ஜீன்ஸ் கொண்டுவந்தாள், கால் நீளத்தைக் கட்டையாக்க வேண்டுமாம். அவளை உடுப்பு மாற்றும் மறைப்புக்குள் அனுப்பிவிட்டு ஓடிவந்து அரிசியைப் போட்டேன்.

அந்த மறைப்புக்கு ஒட்டினாற்போல் இன்னொரு திரை தொங்குகிறது. அதற்குப் பின்னால்தான் எங்கள் சனத்தின் வேல் இருக்கிறது. ஆட்கள் உடை மாற்றும்போது வேலின் திரையையும் இழுத்து மூடிவிடுவேன். இரண்டு பக்கத்துக்கும் மரியாதை.

மாலையில் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தையல் மெஷின்களை ஒதுக்கியும் இடம் போதவில்லை. பாதிப் பேர் குடை பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்று கும்பிட்டார்கள். தலைவர் பேரம்பலம் அண்ணை, காலமான என் கணவரோடு ஒரே கப்பலில் வேலை செய்தவர், பொங்கலை வாயில் வைக்க முன்னர் ஒரு செய்தி சொன்னார். பக்கத்து விளக்குக் கடையை மூடப் போகிறார்களாம். கடையின் சொந்தக்காரர் அதைக் கோயிலுக்கு வாடகைக்குத் தரச் சம்மதித்துவிட்டாராம்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பொங்கல் அடியில் கொஞ்சம் பிடித்துவிட்டது.

ஜனவரி 19

நாள் முழுக்க உடுப்புகளுக்கு ஜிப் மாற்றும் வேலை. விளக்குக்கு நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டது, ஒலிவ் எண்ணெய் ஊற்றினேன். சுவாமி கோபிக்க மாட்டார். இந்த ஊர் பழகியிருக்கும்.

பெப்ரவரி 5, செவ்வாய்

பேரம்பலம் அண்ணை பத்திரங்களோடு வந்தார். என் மகள் மாதங்கி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து எனக்கு வாசித்துச் சொன்னாள். அவள் இங்கே பிறந்தவள், கிரேக்கம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நான் கடைக் கிரேக்கம் பேசுவேன். கை நீளம், இடுப்புச் சுற்று, எப்போது தருவீர்கள் என்பதற்கெல்லாம் குறைவில்லை. பத்திரக் கிரேக்கம் என்றால் வாய் அடைத்துவிடும்.

அனுமதி இரண்டு வகையாம். ஒன்று 'நாவோஸ்', கோயில். மற்றது 'பிரார்த்தனை வீடு'. பேரம்பலம் அண்ணை யோசிக்கவே இல்லை.

"கோயில் எண்டால் கோயில்தான். நாவோஸ் எண்டே போடுவம்," என்றார்.

ஆனால் அதற்கு முதல் இந்தக் கட்டடத்து வீட்டுக்காரர்கள் கூடிச் சம்மதிக்க வேண்டும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்தாமாத்திஸ் லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டினார். பின்னேரம் போய்ப் பார்த்தால், கீழே யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். மாதங்கி வாசித்தாள்: 'நாவோஸ் என்பது கடைப்பலகையில் எழுதும் சொல் அல்ல. கலியோப்பி, முதலாம் மாடி.'

கலியோப்பி அம்மையார் பழைய கிரேக்கம் படிப்பித்த ஆசிரியை, ஓய்வெடுத்துவிட்டார். அந்த விளக்குக் கடைக்கு நேர் மேலே குடியிருக்கிறார். அவருடைய பாவாடைகள் எல்லாவற்றுக்கும் நான்தான் விளிம்பு தைத்திருக்கிறேன். ஒருபோதும் பேரம் பேசாதவர்.

மார்ச் 10, ஞாயிறு

கூட்டம் கீழ் மண்டபத்தில் நடந்தது. வீடுகளிலிருந்து அவரவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் நின்றோம். நான் பட்டுச்சேலை உடுத்திப் போனது பிழை என்று போனபிறகுதான் தெரிந்தது. எல்லோரும் வீட்டுச் செருப்போடு வந்திருந்தார்கள்.

மணிச் சத்தம், சாம்பிராணிப் புகை, வாசலில் செருப்புக் குவியல் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கேட்டார்கள். மாதங்கி பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியில் கலியோப்பி அம்மையார் எழுந்தார்.

"இந்த மக்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை," என்றார். "ஆனால் நாவோஸ் என்பது அக்ரோபொலிஸ் மலைமேல் நிற்பதற்குச் சொல்லும் சொல். நாங்கள் ஞானஸ்நானம் பெற்ற இடத்துக்குச் சொல்லும் சொல். அதைக் கொண்டுபோய் ஒரு விளக்குக் கடையில் மாட்ட நான் கை உயர்த்த மாட்டேன்."

பேரம்பலம் அண்ணை ஏதோ சொல்ல எழுந்தார். துறைமுகத்தில் பழகிய கிரேக்கம் அவருடையது, அரைவாசி கெட்ட வார்த்தை. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணையின் காது சிவந்துபோனது. முடிவெடுக்காமல் ஈஸ்டர் கழித்துப் பார்ப்போம் என்று கலைந்தார்கள்.

வெளியே வந்து அண்ணை என் கடைப்படியில் குந்தினார். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. கப்பலில் புயலுக்குள் நின்றபோதும் இப்படிச் சிறுத்துப்போகவில்லை என்றார்.

ராத்திரிச் சமையலுக்கு ஒன்றும் செய்யவில்லை. கடைப் பாண் வாங்கிச் சாப்பிட்டோம். வேலுக்குத் திரை திறந்து, நடந்ததைச் சொன்னேன். நீங்கள் இங்கேயே இருக்கலாம், ஒன்றும் அவசரமில்லை என்றும் சொன்னேன்.

மார்ச் 11

கலியோப்பி அம்மையார் பாண் வாங்கப் போகும்போது காலை வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

மார்ச் 27, புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

கலியோப்பி அம்மையார் ஒரு பழைய கோட்டோடு வந்தார், கட்டையாக்கித் தர வேண்டுமென்று. எதுவுமே நடக்காததுபோல் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். நான் தரையில் முழங்காலிட்டு, வாயில் குண்டூசிகளோடு விளிம்பைச் சுற்றிவந்தேன். முதுகுப்பக்கம் வந்தபோது, முகம் தெரியாத துணிச்சலில் ஊசிகளை எடுத்துவிட்டுக் கேட்டேன்: நாவோஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கோபத்தில் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டேன். கொஞ்சம் கோபமும் இருந்திருக்கலாம்.

அவருடைய தோள் நிமிர்ந்ததைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் வகுப்புக்குள் நுழையும்போது அப்படித்தான் நிமிர்ந்திருப்பார். எல்லோரும் பிழையாக நினைக்கிறார்கள், நாவோஸ் என்றால் சனம் கூடும் இடமென்று, என்று தொடங்கினார். பழைய காலத்தில் சனம் உள்ளே கூடுவதில்லையாம். பலி கொடுக்கும் மேடை வெளியே, வானத்துக்குக் கீழே இருக்கும், சனமும் அங்கேதான் நிற்கும். சுற்றியுள்ள புனித நிலம் முழுவதற்கும் 'இயெரோ' என்று வேறொரு சொல் இருக்கிறதாம். நாவோஸ் என்பது நடுவில் இருக்கும் கட்டடம் மட்டும். அதற்குள்ளே தெய்வத்தின் சிலை இருக்கும்.

"நாயோ என்று ஒரு பழைய வினைச்சொல். இப்போது நாங்கள் அதை நேஓ என்று வாசிப்போம். வசிக்கிறேன், குடியிருக்கிறேன் என்று அர்த்தம். அதிலிருந்து வந்தது நாவோஸ். தெய்வம் குடியிருக்கும் இடம்."

கையை உயர்த்திக்கொண்டே சொன்னதால் ஊசியெல்லாம் விலகியது. நான் திரும்பக் குத்தினேன். அந்த வினைச்சொல்லுக்கும் அடியில் இன்னும் பழைய வேர் ஒன்று இருக்கிறதென்று சிலர் சொல்கிறார்களாம். அதன் பொருள், ஆபத்திலிருந்து தப்பி வீடு வந்து சேர்தல். எல்லா அறிஞர்களும் அதை ஒப்புக்கொள்வதில்லை, நிச்சயம் என்று யாரிடமும் சொல்லாதே என்று என்னை எச்சரித்தார். ஆனால் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்லுவாராம், அந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடுமாம்.

நான் எழும்பினேன். எங்கள் சொல்லும் அதுதான் என்றேன். வெட்டுத்தாளில் தையல் சாக்கட்டியால் 'கோயில்' என்று எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்தேன். கோ என்றால் அரசன், தெய்வம். இல் என்றால் வீடு. அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்த எழுத்துகளைப் பார்த்தார். இல், இல் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"உங்கள் வீட்டில் யார் குடியிருக்கிறார்?" என்று கேட்டார்.

திரையைத் திறந்து காட்டினேன்.

கலவரத்துக்குப் பிறகு இவர் கொழும்பில் கப்பல் ஏறியபோது கொண்டுவந்த வேல் அது. முதலில் கப்பலில் இவருடைய படுக்கைக்கு மேலே இருந்தது. பிறகு பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல்காரப் பொடியன்கள் சேர்ந்து எடுத்த அறையில். அங்கிருந்து ஒரு நிலவறை, வெள்ளம் வந்ததும் இடுப்பளவு தண்ணீரில் தூக்கி வந்தார்கள். பிறகு ஒரு மாடிவீடு. சாம்பிராணி மணக்கிறதென்று வீட்டுக்காரர் வீட்டைவிட்டு எழும்பச் சொன்னார். பிறகு பேரம்பலம் அண்ணையின் வீடு, அவருடைய பேரப்பிள்ளைகள் பிறந்து இடம் போதாமல் போகும்வரை. இவர் போனபிறகு என்னுடைய கடை. சுவாமியும் எழும்பு என்றால் எழும்பி, இரு என்றால் இருந்தார். இதையெல்லாம் என் கடைக் கிரேக்கத்தில் சொன்னேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

அவர் வேலுக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு ஊசி குத்திய கோட்டோடே வெளியே போய்விட்டார். வாசலில் நினைவு வந்து திரும்பிவந்து கழற்றித் தந்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

வீடு வந்து சேர்தல். இவர் ஒருமுறையாவது ஊருக்குப் போய்வர வேண்டுமென்று பெரிய பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தார். நல்ல பெட்டி. இப்போது அதற்குள் வெட்டுத்துண்டுகள் போட்டு வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9

கோட் முடிந்தது. எடுக்க ஆள் வரவில்லை.

மே 12, ஞாயிறு

இன்று நான் பருத்திச் சட்டையோடு போனேன். பேரம்பலம் அண்ணை ஒரு வசனமும் பேசமாட்டேன் என்று மாதங்கிக்குச் சத்தியம் செய்துகொடுத்திருந்தார்.

ஸ்தாமாத்திஸ் கூட்டத்தைத் தொடங்கியதுமே கலியோப்பி அம்மையார் எழுந்தார்.  மாதங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சொன்னதை அவள் அப்படியே காதுக்குள் சொல்லச் சொல்ல, மறக்காமல் இங்கே எழுதுகிறேன்.

"போன கூட்டத்தில் ஒரு சொல்லைப் பாதுகாக்க எழுந்தேன். வாழ்நாளெல்லாம் அதைப் படிப்பித்தவள் நான். அப்படியிருந்தும் பளிங்கும் தூணும் இருந்தால்தான் நாவோஸ் என்று உங்களுக்குச் சொன்னேன். அது பொய். குடியிருக்க ஓர் இடம், அவ்வளவுதான் அந்தச் சொல். இந்தச் சனத்தின் கடவுள் இந்த ஊரில் வாடகைக்கு அலைந்திருக்கிறார். இப்போது கீழே ஒரு தையல் கடையில், உடை மாற்றும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"என் அப்பா ஞானஸ்நானம் பெற்றது எங்கே என்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். மூலையில் இப்போது மணிக்கூண்டோடு நிற்கிற தேவாலயத்தில் இல்லை. அந்த இடத்தில் முன்பு நின்ற தகரக் கொட்டிலில். கடல் கடந்து உயிர் தப்பி வந்த எங்கள் ஆட்கள் போட்ட கொட்டில் அது. அதன் கதவில் நாவோஸ் என்று சுண்ணாம்பால் எழுதினார்கள். இது கொட்டில்தானே என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. எனக்குக் கீழே இவர்கள் கடவுள் குடியிருக்கட்டும். என் கை மேலே."

கையைத் தூக்கினார். தூக்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றார்.

மூன்றாம் மாடிக் கிழவர் ஒருவர் முதலில் தூக்கினார். பிறகு குழந்தையோடு இருந்த தாய். ஸ்தாமாத்திஸ், எத்தனை மணிக்குக் கோயில் மணி அடிப்பீர்கள் என்று மட்டும் கேட்டார், மத்தியானத் தூக்க நேரத்தில் அடிக்கமாட்டோம் என்றதும் அவரும் தூக்கினார். எதிர்த்தவர்களும் இருந்தார்கள், ஒரு வரிசை. ஆனால் தூக்கிய கைகள் அந்த மண்டபத்தை நிறைத்துவிட்டன.

பேரம்பலம் அண்ணை சத்தியத்தை மீறவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நின்றார்.

கோட்டை இன்றைக்குத்தான் எடுத்துப் போனார். கூலி வாங்க மாட்டேன் என்றேன். மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 3, திங்கள்

கோயில் அனுமதிக்கு விண்ணப்பம் கொடுக்க அரசாங்க அலுவலகத்துக்குப் போன நாள். மாதங்கிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. பேரம்பலம் அண்ணையும் நானும், வழி காட்ட கலியோப்பி அம்மையாரும் போனோம். அவர் ஓரமாகக் கதிரையில் இருந்துகொண்டார். பேச வேண்டியது நீங்கள் என்றார்.

கவுண்டரில் இருந்த இளைஞன் நல்லவன்தான். படங்களைப் பார்த்தான், வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தான். ஓர் அறைதானே, இதற்குப் பிரார்த்தனை வீடு என்ற பெட்டியில் அடையாளம் போட்டால் போதும், காத்திருக்கத் தேவையில்லை, கெதியாகக் கிடைக்கும் என்றான்.

பேரம்பலம் அண்ணை என்னைப் பார்த்தார். களைத்துப்போன முகம். "கெதியாக் கிடைக்குமெண்டால் அதையே போடுவமே, தங்கச்சி?"

கலியோப்பி அம்மையார் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது. கிரேக்கத்தில், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: "இல்லை. நாவோஸ் என்று எழுதுங்கள். பிரார்த்தனை நாங்கள் எங்கேயும் செய்வோம். இது அவர் குடியிருப்பதற்கு."

அவன் பேனாவைக் கையில் பிடித்தபடி என்னை ஒருமுறை பார்த்தான். அடையாளம் போட்டான். முத்திரை குத்தும் சத்தத்தில் நான் திடுக்கிட்டுப் போனேன்.

வெளியே வந்ததும் கலியோப்பி அம்மையார், 'குடியிருப்பதற்கு' என்பதில் ஒரு விகுதியைப் பிழையாகச் சொன்னேன் என்று திருத்தினார். பிறகு மூவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். பேரம்பலம் அண்ணை இரண்டு.

ஜூலை 30, செவ்வாய்

வந்துவிட்டது. மாதங்கி கடிதத்தை வீதியில் நின்றபடியே உரத்து வாசித்தாள். நாவோஸ் என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தி, திரும்ப வாசித்தாள். எதிர்க் கோப்பிக் கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார், சொன்னதும் உள்ளே இருந்த எல்லோருக்கும் தன் கணக்கில் கோப்பி என்று கத்தினார். பேரம்பலம் அண்ணை ஜேர்மனியில் இருக்கும் குருக்களுக்கு அப்போதே போன் எடுத்தார். ஆவணி ஞாயிறு ஒன்றில் வேலைப் புதுக் கோயிலுக்குக் கொண்டுபோய், குடமுழுக்குச் செய்வதாக முடிவு.

கருவறைக்குத் திரை நான் தைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். சிவப்புப் பட்டு, பொன் கரை.

ஆகஸ்ட் 17

ஊர் முழுக்கத் தீவுகளுக்குப் போய்விட்டது. கடைக்கு ஆள் வரவில்லை. நல்ல நேரம், திரையை முடிக்கலாம். கரை கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது. பிரித்துவிட்டேன்.

மாதங்கி வந்து பார்த்தாள். இது மூன்றாம் தரம் பிரிப்பது என்றாள். அதன்பிறகு மெஷினுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொன்னாள்: "அம்மா, அவர் பக்கத்துக் கடைக்குத்தான் போறார். சுவருக்கு அங்காலை."

நான் கரை கோணலாக இருந்ததென்றேன். உண்மையாகவே கோணல்தான்.

"அப்பா இருந்திருந்தால் ஓடி ஓடித் தூக்கியிருப்பார்," என்றாள்.

"ஓம்."

"நீங்கள் பேசிற ஆளுக்கு நல்ல வீடு கிடைச்சிருக்கு. உங்களுக்குச் சந்தோசமில்லையே?"

இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைத்தேன். நான் வேலோடு பேசுவது கடை பூட்டியபிறகுதான்.  வெங்காயம் வெட்டப் போனேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

திரை முடிந்தது. கரை நேர்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நித்திரையில்லை, எழுத்து இப்படித்தான் இருக்கும்.

ஜேர்மனியிலிருந்து குருக்களும், நாதஸ்வரம், தவில்காரர்களும் வந்தார்கள். விடிய முதலே விளக்குக் கடைக்குள் புகை, நெய், மஞ்சள். தெசலோனிக்கி போன்ற தூரத்து ஊர்களிலிருந்தும் நம்மவர்கள் வந்திருந்தார்கள்.  

என் கடையிலிருந்து வேலைப் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோவதென்றால் நாலு எட்டுத்தான். பேரம்பலம் அண்ணை சம்மதிக்கவில்லை. இத்தனை காலம் ஒளித்து ஒளித்துக் கொண்டுபோனது போதும், சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு வீதியால் வரட்டும் என்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நீங்கள்தான் தூக்க வேணும்."

ஆம்பிளையள் இருக்க, என்று பின்னால் ஒரு குரல் வந்தது. அண்ணை திரும்பினார். "இவ்வளவு நாளும் விளக்கு வைச்சது ஆர்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரல் பிறகு கேட்கவில்லை.

தூக்கினேன். பாரம் இல்லை. தவில் அடிக்கத் தொடங்கியதும் கட்டடங்கள் எதிரொலித்தன, புறாக்கள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின. ஸ்தாமாத்திஸ் நடுவீதியில் நின்று காரையும் பஸ்ஸையும் மறித்தார், பொலிஸ்காரர்கூட அவ்வளவு மிடுக்காக மறிக்கமாட்டார். பஸ் சாரதி இறங்கிவந்து போனில் படம் எடுத்தார். பல்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். தங்களுடைய பெரிய வெள்ளி ஊர்வலத்துக்குச் செய்வதுபோல் சிலர் சாம்பிராணித் தட்டு கொண்டுவந்து வைத்தார்கள். மணிக்கூண்டுத் தேவாலயத்தைத் தாண்டும்போது வயதான பாதிரியார் படியில் நின்றிருந்தார். தலையைச் சற்றுத் தாழ்த்தினார். நானும் தாழ்த்தினேன்.

முதலாம் மாடிக்குக் கீழே வந்தபோது என் தலையிலும் வேலிலும் ரோஜா இதழ் கொட்டியது. கலியோப்பி அம்மையார் ஒரு கூடை முழுவதையும் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டையாக்கிய கோட்டை இந்த வெயிலிலும் போட்டிருந்தார்.

கதவுக்கு மேலே பலகை. மேலே 'கோயில்', அதற்குக் கீழே கிரேக்க எழுத்தில் 'நாவோஸ்'. படியில் வலது காலை வைத்து உள்ளே போனேன். குருக்கள் என் கையிலிருந்த வேலை வாங்கி, மந்திரம் சொல்லி, நட்டார். பேரம்பலம் அண்ணை எல்லோருக்கும் முன்னால் விழுந்து கும்பிட்டார். எழும்ப இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அழுதுகொண்டே சிரித்தார். மாதங்கி ஒருபக்கம் என் தோளைப் பிடித்திருந்தாள். மறுபக்கம் கலியோப்பி அம்மையார், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு.

குடம் சரிந்து தண்ணீர் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் இவ்வளவு வருடமும் இருந்தேன் போலிருந்தது. நெஞ்சில் இருந்த பாரம் எங்கே போனதென்று தேடவும் நேரமில்லை. எல்லோரும் அரோகரா என்றார்கள். நானும் தொண்டை கிழியச் சொன்னேன்.

பிறகு முதல் அர்ச்சனை. சனம் முண்டியடித்துத் தங்கள் பிள்ளைகளின் பெயரும் நட்சத்திரமும் சொல்ல வந்தது. பேரம்பலம் அண்ணை எல்லோரையும் விலக்கி என்னை முன்னுக்குத் தள்ளினார். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, ஆருடைய பேருக்கு அம்மா என்று கேட்டார்.

"சுவாமியின்ரை பேருக்கே செய்யுங்கோ ஐயா," என்றேன். "இண்டைக்கு அவருக்குப் புது வீடு குடிபூரல்."

ஐயா சிரித்தபடி மணியைக் கையில் எடுத்தார்.